பெயர் எழுத வேண்டாம்

செப்டம்பர் 25, திங்கள்

ஒரே ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுத ஐந்து பேருக்கு மூன்றரை மணி நேரம் பிடித்தது. நான்கு பேர் முனைவர்கள். ஆகாதவள் நான் ஒருத்திதான், அதனால் டீ சொல்லப் போனதும் நான்தான்.

அம்சவேணி மேடத்தின் ஆராய்ச்சித் திட்டத்துக்காக வெளிநாட்டு வினாத்தாள் ஒன்றைத் தமிழாக்குகிறோம். கல்லூரிப் பெண்களுக்குப் பெண்கள்மேல் ஈர்ப்பு உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று எண்ணில் சொல்லுமாம். மொத்தம் நாற்பத்திரண்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஒருபோதும் இல்லை' என்பதில் தொடங்கி 'எப்போதும்' வரை ஐந்து கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும். பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் ஒரு பெண்ணின் மனசு வந்துவிடும் என்று ஏற்பாடு. மேடத்துக்கு இது பதவி உயர்வு. எனக்கு முப்பத்து மூன்று வயதில் முடியாமல் கிடக்கும் பிஎச்.டி.

தகராறு பதினேழாம் வாக்கியத்தில். 'விருந்துக்குப் போனால் என் கண் முதலில் பெண்களிடம்தான் போகும்' என்று மூலத்தில் இருக்கிறது. நம் பெண்கள் எந்த விருந்துக்குப் போகிறார்கள் என்று தமிழ்த்துறை ஐயா கேட்டார். சாயங்காலம் ஆனபோது அது 'கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும்' என்று மாறியிருந்தது. எல்லோருக்கும் பரம திருப்தி. கல்யாண மண்டபத்தில் எவளும் பெண்களைத்தானே பார்ப்பாள், சேலையும் நகையும் அவர்கள் மேல்தானே இருக்கிறது என்றேன். அது பண்பாட்டுத் தழுவல், நீ சும்மா இரு என்றார் மேடம். சும்மா இருந்தேன். அந்தப் பாடத்தில் நான் ஏற்கனவே முனைவர்தான்.

வரும் வழியில், என் பழைய அறைத்தோழி விஜியின் கல்யாணத்தில் நான் யாரைப் பார்த்தேன் என்று யோசித்தேன். பந்தி பரிமாறியவர்களைத்தான். மூன்று பந்தி முடியும்வரை சாப்பாட்டுக் கூடத்திலேயே இருந்தேன். மேடைக்குப் போகவில்லை. கூட்டமாக இருந்தது.

செப்டம்பர் 28, வியாழன்

இன்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். எழுதி வைக்கிறேன், அடிக்கடி நடப்பதில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே பெண்களிடம் அதே தாளை மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டு தடவையும் பதில் ஒத்துப்போனால்தான் வினாத்தாள் நம்பகமானது என்று இந்தத் துறையில் ஒப்புக்கொள்வார்கள். பெயர் கேட்டால் எவளும் உண்மை எழுத மாட்டாள். பெயர் கேட்காவிட்டால் முதல் தாளையும் இரண்டாம் தாளையும் ஜோடி சேர்க்க முடியாது. அதற்கு நான் ஒரு குறியீடு கண்டுபிடித்தேன். அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, சொந்த ஊரின் முதல் எழுத்து. யாருக்கும் மறக்காது, யாரையும் காட்டிக் கொடுக்காது. என் அம்மா ருக்மணி, நான் இரண்டாம் தேதி, ஊர் காங்கேயம். ஆகவே நான் ரு-02-கா.

மேடம், குட் என்றார். மூன்று வருஷத்தில் இரண்டாவது குட்.

செப்டம்பர் 29, வெள்ளி

மாணவிகளிடம் போவதற்கு முன் முன்னோட்டமாகத் துறையில் உள்ள பெண்கள் ஏழு பேரும் தாளை நிரப்ப வேண்டும் என்றார் மேடம். நீயும் போடு சுகந்தி என்று என்னிடமும் ஒன்றை நீட்டினார்.

நான்கு நிமிஷத்தில் முடித்தேன். எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை'. யோசிக்க என்ன இருக்கிறது. நாற்பதாவது வாக்கியத்தில் மட்டும் பேனா எழுதவில்லை. 'ஒரு பெண்ணோடு இப்படியே வாழ்ந்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறேன்.' உதறிப் பார்த்தேன், பக்கத்து மேஜையில் வேறு பேனா வாங்கிப் போட்டேன். மழைக்காலத்தில் இந்தப் பேனாக்கள் இப்படித்தான்.

அம்மா போன் செய்தாள். காங்கேயத்தில் ஒரு இடமாம், பையன் மின்வாரியத்தில் இருக்கிறானாம், முப்பத்தெட்டு வயதாம். பிஎச்.டி. முடியட்டும் என்றேன். பாவம், இந்தப் பிஎச்.டி. எனக்காக எத்தனை இடத்தைத் தட்டிக் கழித்திருக்கிறது.

அக்டோபர் 6, வெள்ளி

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் நூற்றுப் பதினெட்டுப் பெண்கள். மேஜைகளில் சாம்பார் வாடை. ஒவ்வொருத்திக்கும் இடையில் ஒரு இடம் விட்டு உட்கார வைத்தேன். கரும்பலகையில் குறியீட்டை எப்படி எழுதுவது என்று உதாரணத்தோடு விளக்கினேன். விடுதிக் காப்பாளர் மரகதம் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றிலும் அவருக்கு ஆர்வம், போன வாரம் தண்ணீர்த் தொட்டி கழுவியபோதும் பக்கத்திலேயேதான் நின்றார்.

தாளின் தலைப்பில் 'பெயர் எழுத வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறோம். அப்படியும் மூன்றாம் ஆண்டு இயற்பியல் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். மெலிந்த பெண், கண்ணாடி, பெயர் பிரவீணா. யார் எழுதினதுன்னு நெசமாலுமே யாருக்கும் தெரியாதுங்களா அக்கா என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கே தெரியாது. தைரியமா உண்மைய எழுது."

தலையாட்டிவிட்டுப் போனாள். எல்லோரும் எழுந்து போன பிறகும் எழுதிக்கொண்டிருந்தாள். முந்நூறு பக்க ஆய்வேட்டில் நான் எழுதியதையெல்லாம்விட அவள் அந்தத் தாளைக் கவனமாக எழுதினாள்.

அக்டோபர் 7, சனி

துணி துவைத்தேன். மழை. காயவில்லை.

அக்டோபர் 11, புதன்

நான் சொன்னது நடந்துவிட்டது. சொன்னது நடந்தால் சந்தோஷப்பட வேண்டும், எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எல்லாத் தாளையும் கணினியில் ஏற்றி முடித்தேன். பதினேழாம் வாக்கியத்துக்கு நூற்று மூன்று பேர் 'எப்போதும்' என்று போட்டிருக்கிறார்கள். 'தோழியின் கையைக் கோத்துக்கொண்டு நடப்பது எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு நூற்றுப் பத்து. இந்த விடுதியில் கழிப்பறைக்குக்கூட யாரும் தனியாகப் போவதில்லை, வேறு எதைப் போடுவார்கள்? 'ஒரு பெண்ணின் மடியில் தலை வைத்துப் படுத்தால் எனக்கு நிம்மதி' என்பதற்கு ஒருத்தி 'எப்போதும்' போட்டு, ஓரத்தில் 'எங்க அம்மா' என்றும் எழுதியிருக்கிறாள். அதற்கும் நான்கு மதிப்பெண்.

வெளிநாட்டுக்காரன் வகுத்த எல்லைக்கோட்டை வைத்துப் பார்த்தால் நாற்பத்தாறு பேர் அதற்கு மேலே. மேடம் தாளைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். நான் சேலை விஷயத்தை மறுபடி சொன்னேன். அவர் காதில் விழவில்லை. இது பெரிய ஃபைண்டிங் சுகந்தி, இதை வைத்து மூன்று கட்டுரை போடலாம் என்றார்.

பிறகு முன்னோட்டத் தாள்களைப் புரட்டி ஒன்றை எடுத்தார். நாற்பத்திரண்டு கட்டத்திலும் 'ஒருபோதும் இல்லை'. "இவங்களைப் பாரேன், எவ்வளவு தெளிவு. ஒரு இடத்துலகூட தடுமாற்றம் இல்ல." இதை நகல் எடுத்து 'இயல்பான பதிலுக்கு மாதிரி' என்று தலைப்புப் போட்டு வை என்றார். தலைப்புப் போட்டேன். ரு-02-கா என்று மூலையில் இருந்தது. யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

ஆய்வுக்கு அனுமதி கொடுத்த கல்லூரி முதல்வருக்கு ஒரு சுருக்கம் அனுப்ப வேண்டுமாம். அட்டவணை போட்டுக் கொடுத்தேன். முதல் பத்தியில் குறியீடு, இரண்டாவதில் மதிப்பெண், அதிகத்திலிருந்து குறைவாக. முதலிடத்தில் ச-14-ப, நூற்று முப்பத்தொன்று. பார்க்க அழகாக வந்திருந்தது. அதற்காகவே அரை மணி நேரம் கோடு போட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

ச-14-ப என்பது பிரவீணா. அம்மா சரோஜா, பதினான்காம் தேதி, பவானி. முதல்வரின் மேஜையிலிருந்து அட்டவணை விடுதிக்குப் போயிருக்கிறது. சனிக்கிழமையே அவளை அறையிலிருந்து கிளப்பி, நோயாளிகளுக்கென்று வைத்திருக்கும் தனி அறையில் போட்டுவிட்டார்கள். அறைத்தோழியை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள். நுழைவுச்சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நவம்பர் இரண்டாம் தேதி அவளுக்கு முதல் பரீட்சை. வெள்ளிக்கிழமை அப்பா வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம்.

மரகதத்திடம் போய், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கத்தினேன். அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பெருசா ஒண்ணும் செரமமில்லீங்க. நீங்கதான அன்னைக்கு போர்டுல எழுதிக் காட்டுனீங்க. அட்மிசன் ரிஜிஸ்டர எடுத்து வெச்சேன், அரை மணி நேரத்துல ஆள் வந்துருச்சு. உங்க ரோசன நல்ல ரோசனைங்க."

என் யோசனை. அம்மா பெயர், பிறந்த தேதி, ஊர், மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும் பதிவேட்டைப் பூட்டி வைத்திருப்பவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்க, நான் கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் விளக்கினேன். உதாரணத்தோடு. புத்திசாலி என்று எனக்கு நானே சபாஷ் வேறு. செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்டோபர் 17, செவ்வாய்

மேடத்தோடு சண்டை. கதவைச் சாத்திவிட்டுத்தான் சண்டை போட்டேன், அப்படியும் வராந்தாவில் கேட்டதாம்.

நாம் பெயர் கேட்கவில்லை என்கிறார். ஆய்வு நெறிக் குழுவுக்கு என்ன எழுதிக் கொடுத்தோமோ அதைத்தான் செய்திருக்கிறோம், பதிவேட்டைப் பார்த்தது விடுதி நிர்வாகம், அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்கிறார். அதற்கு மேலே ஒன்று சொன்னார், அதைத்தான் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவள் அப்பாவிடம் தானே பேசப் போகிறாராம். "பேரன்ட்ஸுக்கு நாம கைடன்ஸ் குடுக்கணும். நம்ம டூல் வேலை செய்யுதுங்கறதுக்கு இதைவிட என்ன ப்ரூஃப் வேணும்?"

அந்தப் பெண்ணுடைய படிப்பு அவருக்கு நிரூபணம். இருபது வயதுப் பெண்ணை ஜன்னல் இல்லாத அறையில் அடைத்ததுதான் இந்த வினாத்தாளின் சாதனை. எழுந்து வந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் மேஜையில் இருந்த கோப்பையை எறிந்திருப்பேன்.

இரவுச் சாப்பாடு இல்லை. பால் மட்டும்.

அக்டோபர் 18, புதன்

மதியம் அவளைப் பார்த்தேன். மரகதம் விட மாட்டேன் என்றார், ஆய்வு சம்பந்தமாக என்று சொன்னதும் விட்டுவிட்டார். ஆய்வு என்றால் எந்தக் கதவும் திறக்கும்போல.

இரும்புக் கட்டில், ஒரு குடம், இயற்பியல் புத்தகம். பிரவீணா எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். வரும்போதே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன், கேள்விகள் தப்பு, கல்யாண மண்டபத்தில் எல்லாப் பெண்களும் சேலையைத்தான் பார்ப்பார்கள், கை கோத்து நடப்பதெல்லாம் சகஜம், உன்மேல் ஒன்றும் இல்லை என்று புரியவைத்துவிடுவேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள்.

"அக்கா, பதினேழுக்கு நான் 'எப்போதாவது'ன்னுதான் போட்டேன். எனக்குச் சேலை பாக்கற பழக்கமெல்லாம் இல்லீங்க. நாப்பதாவதுக்குத்தான் 'எப்போதும்'னு போட்டேன். கேள்வி தப்புன்னு சொல்லாதீங்க. நான் சரியாத்தான் எழுதுனேன்."

நானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

யாரிடமும் சொன்னதில்லையாம். அறைத்தோழிக்குக்கூடத் தெரியாதாம், அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம், அவளையும் சேர்த்துத் தண்டித்துவிட்டார்கள் என்பதுதான் இவளுக்குப் பெரிய வருத்தம். பெயர் வேண்டாம், தைரியமாக உண்மையை எழுது என்று நான் சொன்னதால் எழுதினாளாம். ஒரு தடவையாவது எங்கேயாவது எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தாளாம். குறைந்ததா என்று கேட்டேன். அன்றைக்கு ஒரு நாள் நன்றாகத் தூங்கினேன் என்றாள். வீட்டுக்குப் போனால் மறுபடி அனுப்ப மாட்டார்கள், தை மாதமே மாமன் மகனுக்குக் கட்டி வைத்துவிடுவார்கள் என்றும் சொன்னாள்.

திரும்பி வந்து அவளுடைய தாளைத் தேடி எடுத்தேன். அவள் சொன்னது சரி. சேலை, கை, மடி எல்லாவற்றுக்கும் ஒன்று, இரண்டு. மற்றவற்றில் மட்டும் நான்கு நான்காக. நூற்றுப் பதினெட்டுத் தாளையும் நான்தான் ஏற்றினேன். எண்ணைத்தான் பார்த்திருக்கிறேன், ஒன்றையும் படிக்கவில்லை.

இந்தத் தாளை உண்மையாக எழுதிய ஒருத்தி அந்த அறையில் இருக்கிறாள்.

அக்டோபர் 19, வியாழன்

பீரோவின் மேல்தட்டை ஒழித்தேன். விஜியின் பச்சைக் குடை கிடைத்தது. பெருந்துறை ரோட்டு அறையில் நாங்கள் இரண்டு வருஷம் சேர்ந்து இருந்தபோது வாங்கியது. ஆறு வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. விலாசம் தெரியாது என்று சொல்லிக்கொள்வேன். விலாசம் கல்யாணப் பத்திரிகையிலேயே இருக்கிறது, பத்திரிகை குடைக்குக் கீழேயே இருந்தது.

குடையை விரித்துப் பார்த்தேன். ஒரு கம்பிதான் போயிருக்கிறது.

அக்டோபர் 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு மேடத்தின் அறை. பிரவீணாவின் அப்பா சின்னராசு வந்திருந்தார். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர், நகக்கண்ணெல்லாம் மஞ்சள். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. மரகதம் சுவரோரம் நின்றார். பிரவீணா பையோடு நின்றாள், துணியெல்லாம் கட்டிவிட்டாள். மேடம் என்னைக் கூப்பிட்டது ஃபைலை எடுத்துக் கொடுக்க.

மேடம் பதினைந்து நிமிஷம் பேசினார். விஞ்ஞானம், அளவை, ஆலோசனை. சின்னராசு எதற்கும் தலையாட்டவில்லை. கடைசியில் மேடம் இரண்டு தாள்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று பிரவீணாவுடையது. இன்னொன்று நகல், 'இயல்பான பதிலுக்கு மாதிரி'.

"இதைப் பாருங்க, இது ஒரு நார்மலான பொண்ணு எழுதினது. எல்லாத்துக்கும் பூஜ்யம். உங்க பொண்ணோடது நூத்தி முப்பத்தொண்ணு. நாங்க யாரும் சொல்லல, இந்தத் தாள்தான் சொல்லுது."

சின்னராசு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். விஜியின் அப்பா எங்கள் அறை வாசலில் நின்று, சாமான் கட்டச் சொல்லி அவளை அப்படித்தான் பார்த்தார். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சாக்குப் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் பாத்திரங்களைப் போடப் போட.

"அந்தத் தாள் என்னோடதுங்க மேடம்," என்றேன்.

மேடத்துக்குப் புரியவில்லை. நான் மூலையில் இருந்த குறியீட்டின் மேல் விரலை வைத்தேன். ருக்மணி, இரண்டாம் தேதி, காங்கேயம்.

"நாலு நிமிஷத்துல போட்டேன். நாப்பத்திரண்டும் பொய். வேலை போயிரும்னு பயந்து போட்டேன். உங்க டூல் என்னை நார்மல்னு சொல்லுது, இவளைத் தப்புன்னு சொல்லுது. எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் ஒண்ணுதான். இவ உண்மை எழுதினா."

மேடம் வெளியே போ என்றார். போகவில்லை. ரகசியம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அதை உடைத்துவிட்டார்கள் என்று நெறிக் குழுவுக்கு நானே கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுப்பேன், இந்தப் பெண் பரீட்சை எழுதாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கும் கொடுப்பேன் என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை.

சின்னராசு வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார். தாளின் தலைப்பில் விரல் வைத்திருந்தார்.

"பேரெழுத வேண்டாம்னு இங்கேயே அச்சடிச்சிருக்குதுங்களே. அப்பறம் எப்படிங்க எம்புள்ளையக் கண்டுபுடிச்சீங்க?"

மரகதம் என்னைப் பார்த்தார். நியாயம்தான். என் யோசனைதான் காட்டிக் கொடுத்தது என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன், அவரிடம் இல்லை, பிரவீணாவிடம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானு இருவத்தஞ்சு வருசமா மண்டில எடை போடறவனுங்க," என்றார் அவர். "தட்டுல கல்ல ஒளிச்சு வெச்சுட்டு எடை போட்டா, மூட்டையக் கொண்டாந்தவன் கேக்கத்தான் செய்வான். புள்ள பரீச்ச எழுதட்டும். மத்ததப் பத்தி எனக்கு ஒண்ணும் புரியலீங்க. பேசறதா வேண்டாமான்னுகூடத் தெரியல."

அதற்குப் பிறகு மகளுடைய தாளை எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அது டேட்டா, கொடுங்கள் என்று மேடம் எழுந்தார்.

"எம்புள்ள எழுதுனதுங்க," என்றார் அவர்.

நுழைவுச்சீட்டை மரகதம் கொண்டுவந்து கொடுத்தார். பையைத் திரும்ப அறைக்குக் கொண்டு போக அப்பாவே தூக்கினார். மகளிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதை நான் பார்க்கவில்லை. படியிறங்கும்போது மட்டும் பின்னால் திரும்பி அவள் வருகிறாளா என்று பார்த்தார்.

திங்கள் விடுமுறை என்பதால் சாயங்காலமே துறையில் ஆயுத பூஜை. கணினிக்கும் அச்சு இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்தார்கள். மிச்சம் இருந்த வினாத்தாள் கட்டுக்கும் யாரோ வைத்துக் குங்குமமும் இட்டிருந்தார்கள். எனக்குப் பொரி கொடுக்க யாரும் வரவில்லை. நானே அள்ளிக்கொண்டேன்.

அக்டோபர் 21, சனி

மேடத்திடமிருந்து இரண்டு வரிச் செய்தி. வேறு நெறியாளரைப் பார்த்துக்கொள், மேஜைச் சாவியைத் திங்கட்கிழமைக்குள் கொடுத்துவிடு. திங்கள் விடுமுறை என்பதுகூட நினைவில்லை அவருக்கு.

அம்மா போன். காங்கேயத்துக்காரர்கள் ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்களாம். வரச் சொல்லாதே என்றேன். பிஎச்.டி. காரணமா என்றாள். பிஎச்.டி. போய்விட்டது, அது காரணமில்லை என்றேன். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

அம்மா போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு, "அந்த விஜி புள்ள இப்ப எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். சரி, சாப்பிட்டயா என்றாள்.

நவம்பர் 2, வியாழன்

காலையில் கல்லூரிக்கு எதிர்த்த பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். உள்ளே போக எனக்கு இப்போது அனுமதிச் சீட்டு வேண்டும், கேட்கப் பிடிக்கவில்லை. ஒன்பதரைக்குப் பெண்கள் கும்பலாகப் பரீட்சைக் கூடத்துக்குப் போனார்கள், எல்லாரும் கை கோத்துக்கொண்டு. பிரவீணா தனியாகப் போனாள். அதைப் பார்த்ததும் சண்டாளிகள் என்று வாய்விட்டே திட்டினேன், பக்கத்தில் நின்ற அம்மாள் நகர்ந்து நின்றார். படியேறுவதற்குள் ஒருத்தி பின்னாலிருந்து ஓடி வந்து அவள் கையில் எதையோ திணித்தாள். பேனாவாக இருக்கும். அறைத்தோழிதான் என்று நினைக்கிறேன், தூரத்தில் முகம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நெறிக் குழுவுக்கான புகாரை எழுதி முடித்தேன். நான்கு பக்கம். என் குறியீட்டைப் பற்றி ஒரு பக்கம். இணைப்பாக ஒரு வினாத்தாள் வைக்க வேண்டும். சாவியைக் கொடுத்த அன்று கட்டின் மேலே இருந்த தாளை உருவிக்கொண்டு வந்திருந்தேன், சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

வெற்றுத் தாளாக வைக்கத்தான் நினைத்தேன். இரண்டாம் தடவை பதில் எழுதும் வேலை எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. இரண்டு வாரத்தில் எழுத வேண்டியது, ஐந்து வாரம் ஆகிவிட்டது.

நாற்பது நிமிஷம் பிடித்தது. பதினேழுக்கு 'ஒருபோதும் இல்லை'. நானும் சேலை பார்ப்பதில்லை. நாற்பதாவதில் பேனா நன்றாகவே எழுதியது. 'எப்போதும்'.

குறியீட்டுக்கான கட்டம் மட்டும் மிச்சம். அதற்கு மேலே 'பெயர் எழுத வேண்டாம்' என்று இருந்தது. அதை ஒரே கோட்டில் அடித்தேன். கட்டத்தில், காங்கேயம் ருக்மணி மகள் சுகந்தி என்று முழுதாக எழுதினேன். நான்கு எழுத்துக்கென்று நானே போட்ட கட்டம் அது. இடம் போதவில்லை, ஓரம்வரை போயிற்று.